ஆரஞ்சு எழுத்துகளிலிருந்து வந்தவர்

லோட்டஸ் நோட்ஸ் என்ற அலுவலக மென்பொருளைத் திறந்ததும் கடவுச்சொல் கேட்டு ஒரு சின்னப் பெட்டி வரும். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தட்ட, பெட்டியின் ஓரத்தில் பழைய எகிப்தியச் சித்திர எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும். பார்த்தால் அலங்காரம் போலத் தெரியும். உண்மையில் அது ஒரு காவல். நாம் தட்டும் கடவுச்சொல்லுக்கு ஏற்ற படத்தைத்தான் அது காட்டும். யாராவது போலிப் பெட்டி ஒன்றைச் செய்து நம் முன் வைத்தால், பழகிய படம் வராது, சந்தேகம் தட்டிவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்தபோது, நோட்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை. மற்ற எல்லா மென்பொருளிலும் எஃப்5 அழுத்தினால் திரை புதுப்பிக்கும், நோட்ஸில் பூட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு ஐடி ஃபைல். அதற்குள் அவரவருக்கான ரகசியச் சாவி. அலுவலக மென்பொருள்களில் வேறெதுவும் இப்படி ஒரு தனிக் குணத்தோடு இருந்ததாக எனக்கு நினைவில்லை. யார் செய்தது இதை என்று தேடிப் போனபோதுதான் ரே ஓஸி என்ற பெயர் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தப் பெயர் எங்கே வந்தாலும் நின்று படிப்பது வழக்கமாகிவிட்டது.

சிகாகோவில் 1955இல் பிறந்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்தில் கணினி அறிவியல் படித்தார். அங்கே பிளேட்டோ என்று ஒரு அமைப்பு இருந்தது. பாடம் சொல்லித்தருவதற்காக டொனால்ட் பிட்சர் 1960இல் தொடங்கியது. எழுபதுகளில் அது நூற்றுக்கணக்கான முனையங்களாகப் பரவியது. பிட்சரும் கூட்டாளிகளும் அதற்காகவே கண்டுபிடித்த பிளாஸ்மா திரை. கறுப்புப் பின்னணியில் ஆரஞ்சு நிறத்தில் எழுத்துகள் எரியும். விரலால் தொட்டும் பதில் சொல்லலாம். இணையம் என்ற பேச்சே வெளியில் இல்லாத 1973இல், டேவிட் வூலி என்ற பதினேழு வயதுப் பையன் அதில் ‘நோட்ஸ்’ என்று ஒரு நிரலை எழுதினான். ஒருவர் ஒரு குறிப்பைப் போடுவார், மற்றவர்கள் அதன் கீழே பதில் எழுதுவார்கள். அதே ஆண்டில் பலர் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளும் டாக்கோமேட்டிக்கும் வந்தது. பாடம் நடத்தக் கட்டிய கூடத்தில் மாணவர்கள் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். பிட்சர் அதைத் தடுக்காமல் விட்டார். அவருடைய மிகப் பெரிய காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஓஸி அங்கே மாணவராக வேலை பார்த்தபோது நடந்த ஒன்றைப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேறோர் இடத்தில் இருந்த ஒருவரோடு முனையத்தின் வழியாகவே சேர்ந்து ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார். கூர்மையான மனிதர், நகைச்சுவை உள்ளவர், குறிப்புகளில் எழுதினால் பிரமாதமாக எழுதுவார். நேரடி உரையாடலில் மட்டும் எழுத்துகள் மெதுவாக, தயங்கித் தயங்கி வரும். தட்டச்சு தெரியாதவர் போல என்று ஓஸி நினைத்துக்கொண்டார். ஒருநாள் விருந்துக்காக அவர் வீட்டுக்குப் போனார். கைகால்கள் செயலிழந்த மனிதர் அவர். வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போவேன். ஓஸி பிறகு எத்தனையோ கம்பெனிகளில் எத்தனையோ நாற்காலிகளில் உட்கார்ந்தார். ஆனால் அந்த வீட்டு வாசலில் அவருக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் வாழ்நாள் முழுக்க வேறு வேறு பெயர்களில் கட்டிக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம். தொலைவில் இருப்பவர்கள் சேர்ந்து வேலை செய்யலாம். உடம்பு, நிறம், பதவி எதுவும் திரைக்கு அந்தப்பக்கம் தெரிய வேண்டியதில்லை.

படிப்பு முடிந்து டேட்டா ஜெனரல். பிறகு விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளைச் செய்த சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ். அங்கிருந்து லோட்டஸ். பிளேட்டோவில் பார்த்ததைச் சாதாரண அலுவலகக் கணினிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. பணம் போட ஆளில்லை. லோட்டஸின் மிட்ச் கபோர் ஓர் ஒப்பந்தம் பேசினார்: முதலில் எனக்கு சிம்பொனியை முடித்துக் கொடு, அப்புறம் உன் யோசனைக்குப் பணம் தருகிறேன். சிம்பொனி என்ற அந்த அலுவலக மென்பொருள் 1984இல் வந்தது. கபோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த ஆண்டின் கடைசியில் ஐரிஸ் அசோசியேட்ஸ் என்ற சின்னக் கம்பெனி பிறந்தது. பணம் லோட்டஸுடையது, கம்பெனி ஓஸியுடையது. உடன் வந்த டிம் ஹால்வர்சனும் லென் கவெல்லும் அதே பிளேட்டோவில் பழகி, டிஜிட்டல் எக்விப்மென்ட் வழியாக வந்தவர்கள். கேம்பிரிட்ஜில் இருந்த லோட்டஸ் தலைமையகத்திலிருந்து தள்ளி, மாசசூசெட்ஸின் சின்ன ஊர் ஒன்றில் உட்கார்ந்து ஐந்து வருஷம் எழுதினார்கள். ஐந்து வருஷம்! ஒரு பொருளும் விற்காமல், காலாண்டுக்கு ஒருமுறை யாரும் கணக்குக் கேட்காமல். பெரிய கம்பெனிகள் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டுமானால் இப்படித்தான் தள்ளி உட்காரவிட வேண்டும். கபோருக்கு அது தெரிந்திருந்தது.

நோட்ஸ் 1989 டிசம்பரில் வெளிவந்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம் எடுத்த எடுப்பில் 10,000 பிரதிகளுக்கு ஆர்டர் கொடுத்தது.

எங்கள் அலுவலகத்தில் நோட்ஸ் இருந்ததற்குக் காரணம் ரெப்ளிகேஷன். சென்னை சர்வரிலும் மதுரை சர்வரிலும் ஒரே டேட்டாபேஸின் இரண்டு நகல்கள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே எப்போதும் இணைப்பு இருக்க வேண்டியதில்லை. எப்போதாவது மோடம் வழியாக ஒன்றை ஒன்று கூப்பிட்டு, இங்கே மாறியது அங்கே, அங்கே மாறியது இங்கே என்று கொடுத்து வாங்கிக்கொண்டால் போதும். எஸ்.டி.டி. கட்டணம் இரவு பதினொன்றுக்கு மேல் கால்பங்காகக் குறையும். அதனால் எங்கள் சர்வர்கள் ஊர் அடங்கியபிறகுதான் பேசிக்கொள்ளும். மோடத்தின் கிறீச்சொலியைக் கேட்டுக்கொண்டு நானும் சில இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் முதல் ஆளாக வரும் எங்கள் மூத்த கணக்கர் எட்டிப்பார்த்துக் கேட்பார்: “தம்பி, ராத்திரி மதுரை வந்துச்சா?”

ஒரே ஆவணத்தை இரண்டு ஊரிலும் ஒரே நாளில் திருத்திவிட்டால் நோட்ஸ் எதையும் அழிக்காது. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஓரத்தில் சாய்சதுரக் குறி போட்டு, ‘ரெப்ளிகேஷன் ஆர் சேவ் கான்ஃப்ளிக்ட்’ என்று எழுதிவிடும். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லாது. நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும். அந்தக் குறியைப் பார்த்து எரிச்சலடைந்தவர்கள் நிறைய. எனக்கு அதில் ஒரு மரியாதை தெரிந்தது. மதுரைக்காரர் எழுதியதைச் சென்னைத் தலைமையகம் சத்தமில்லாமல் மூடிவிட முடியாது.

மென்பொருள் இவ்வளவு கொடுத்தாலும் மனிதர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது நிச்சயமில்லை. வாண்டா ஆர்லிகாவ்ஸ்கி என்ற எம்.ஐ.டி. ஆய்வாளர் 1992இல் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்று நோட்ஸை வாங்கிப் பரப்பியபோது என்ன நடந்தது என்று கூடவே இருந்து பார்த்து எழுதியது. ‘ஆல்ஃபா’ என்று புனைபெயர் கொடுத்திருந்தார். அந்த நிறுவனத்தில் உயர்ந்தால் உண்டு, இல்லையேல் வெளியே போ என்ற விதி. பக்கத்து மேசைக்காரனைவிட எனக்கு அதிகம் தெரியும் என்பதுதான் ஒருவரின் மூலதனம். அதைப் பொதுவில் எழுதி வைக்க யாருக்கு மனம் வரும்? இளநிலையில் இருந்தவர்கள் எழுதவில்லை. போட்டி குறைந்த மேல்மட்டத்தில் இருந்தவர்களும் தொழில்நுட்பப் பிரிவினரும்தான் பயன்படுத்தினார்கள். கருவியைப் பழிக்க இதில் ஒன்றுமில்லை. சம்பள உயர்வு எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள். எங்கள் அலுவலகத்திலும் கலந்துரையாடல் டேட்டாபேஸ் ஒன்று இருந்தது. அதில் தவறாமல் எழுதியவர் அந்த மூத்த கணக்கர்தான். ஓய்வுபெற இரண்டு மூன்று வருஷமே இருந்தது அவருக்கு. போட்டி முடிந்துவிட்டது. கூட்டங்களில் வாயே திறக்காதவர், விற்பனை வரிப் படிவங்களின் நுணுக்கங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். மதுரையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவரை ஒருமுறைகூடப் பார்க்காமலே அவரிடம் தொழில் கற்றார்கள். அன்று பிளேட்டோவில் வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு எழுதியவரின் நினைவு எனக்கு வருவது இந்த இடத்தில்தான்.

ஐ.பி.எம். 1995 ஜூனில் லோட்டஸை வலியக் கைப்பற்றியது. விலை 350 கோடி டாலர். ஐ.பி.எம். தலைவர் லூ கெர்ஸ்ட்னருக்கு வேண்டியிருந்தது நோட்ஸ். நோட்ஸ் வேண்டுமானால் ஓஸி வேண்டும். லோட்டஸின் தலைவர் ஜிம் மான்சி சில மாதங்களில் வெளியேறிவிட்டார். ஓஸி இருந்தார், 1997 வரை. ஒரு கம்பெனியின் விலையில் எத்தனை பங்கு ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது என்பதை அந்தக் கொள்முதல் காட்டியது.

அந்தக் காலத்து விஷயம் ஒன்று எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. பலமான சங்கேதச் சாவி உள்ள மென்பொருளை வெளிநாட்டுக்கு விற்க அன்றைய அமெரிக்கச் சட்டம் விடாது. 40 பிட்டுக்கு மேல் கூடாது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோ அதைவிடப் பலமான சாவியைக் கேட்டார்கள். லோட்டஸ் ஒரு சமரசம் செய்தது: சாவி 64 பிட்தான், ஆனால் அதில் 24 பிட்டை என்.எஸ்.ஏ. என்ற அமெரிக்க உளவு அமைப்பு மட்டும் திறக்கக்கூடிய வகையில் ஒவ்வொரு மடலோடும் பூட்டி அனுப்புவது. மற்றவர்களுக்கு ஆகும் உழைப்பில் 1 கோடியே 67 லட்சத்தில் ஒரு பங்கு போதும் அந்த அமைப்புக்கு. ஓஸி இதை ஒளிக்கவில்லை. 1996 ஜனவரியில் ஆர்.எஸ்.ஏ. என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் தானே அறிவித்தார். ஆனாலும் மாநாட்டில் சொன்னது வாங்கியவர் காதுக்கு வரவேண்டுமே. ஸ்வீடன் அரசு அலுவலகங்கள் தாங்கள் வைத்திருப்பது இந்தப் பதிப்பு என்று 1997இல் தெரிந்துகொண்டபோது அங்கே பெரிய சர்ச்சையானது. பின்னாளில் மென்பொருளைப் பிரித்துப் பார்த்த ஒருவர், அந்த உளவுச் சாவிக்குள் ஆர்வெல் நாவலின் ‘பிக் பிரதர்’ என்ற பெயர் எழுதப்பட்டிருந்ததைக் கண்டார். யாரோ ஒரு நிரலாளர் தன் மனக்கசப்பை அங்கே பதித்துவிட்டுப் போயிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தூரத்தில் இருப்பவர்களுக்குள் நம்பிக்கையை உண்டாக்கப் பாடுபட்டவர் இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு ஏன் இறங்கினார்? சட்டம் அனுமதித்த பாதுகாப்பைவிட இது கூடுதல் என்பது அவர் வாதம். கணக்குப்படி அது சரி. திருடர்களிடமிருந்து 64 பிட் காக்கும். அரசிடமிருந்து காப்பது மட்டும் முன்போலவே 40. ஆனால் அமெரிக்க அரசு என் அரசு இல்லையே. சென்னையிலும் ஸ்டாக்ஹோமிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு இனிக்காது. 2018இல் அவர் மறுபடியும் இதே கேள்விக்குத் திரும்பினார். பூட்டிய கைபேசியை நீதிமன்ற ஆணையோடு மட்டும் திறக்க ‘கிளியர்’ என்று ஒரு திட்டம் முன்வைத்தார். சங்கேதவியல் அறிஞர்கள் பலரும் கடுமையாக எதிர்த்தார்கள். ஒருமுறை வழி வைத்தால் அது யாருக்கும் வழிதான் என்றார்கள். நான் அவர்கள் பக்கம். ஆனால் இருபது வருஷம் கழித்தும் ஒரு மனிதர் பழைய முடிச்சைக் கையில் வைத்து நெருடிக்கொண்டிருந்தார் என்பதை நான் மதிக்கிறேன்.

அதே ஆண்டுகளில் அவர் வேறொரு வேலையிலும் இருந்தார். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச்சில் விபத்து நடந்தபின், மக்களே கதிர்வீச்சை அளந்து பொதுவில் வெளியிட சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வக் குழு உருவானது. ஓஸி அதில் சேர்ந்து அளவிகளைக் கட்ட உதவினார். சின்னக் கருவி ஒன்றைச் செல்பேசி வலையில் இணைத்துத் தகவல் அனுப்பவைப்பது எவ்வளவு தலைவலி என்று அங்கே நேரில் கண்டார். அதிலிருந்து 2019இல் புளூஸ் என்ற கம்பெனி வந்தது. அதன் முதல் பொருளின் பெயர் நோட்கார்ட்: பத்து வருஷத்துக்கான டேட்டாவையும் விலைக்குள் அடக்கிய ஒரு சின்னப் பலகை. கருவியில் சேரும் குறிப்புகள், இணைப்புக் கிடைக்கும்போது போய்ச் சேரும். எங்கள் மதுரை மோடம் செய்ததும் அதையேதான்.

நோட்ஸின் கதை அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஐ.பி.எம். அதையும் வேறு சில மென்பொருள்களையும் சேர்த்து 180 கோடி டாலருக்கு விற்க 2018இல் முடிவு செய்தது. வாங்கியது எச்.சி.எல். திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி.யில் படித்த சிவ் நாடார் 1976இல் தொடங்கிய எச்.சி.எல். செய்தியைப் படித்த அன்று எங்கள் பழைய கணக்கரை நினைத்தேன். அவர் சொந்த ஊரும் திருச்செந்தூர்ப் பக்கம்தான்.

ஓஸி உட்கார்ந்ததிலேயே பெரிய நாற்காலி இதற்கெல்லாம் முன்பே மைக்ரோசாஃப்டில் கிடைத்தது. ஐ.பி.எம்.மை விட்டபின் குரூவ் என்ற கம்பெனி நடத்தினார். நடுவில் ஒரு மைய சர்வரை நம்பியிராமல் கணினிகள் தங்களுக்குள் நேரடியாக ஒத்திசைந்துகொள்ளும் மென்பொருள் அது. அதை 2005இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. பில் கேட்ஸுக்கு வேண்டியிருந்தது ஓஸிதான் என்று அப்போதே பேச்சு. சேர்ந்த அதே ஆண்டு அக்டோபரில் அவர் உயர் அதிகாரிகளுக்கு எழுதிய நீண்ட குறிப்பு புகழ்பெற்றது. பெட்டியில் போட்டு மென்பொருள் விற்கும் காலம் போகிறது; இணையம் வழியே சேவையாகத் தருவதுதான் இனி; இதை நாம் செய்திருக்க வேண்டும், கூகுளும் ஸ்கைப்பும் பிளாக்பெர்ரியும் செய்துவிட்டன; சிக்கல் மிகுந்த மென்பொருள் செய்கிறவர்களின் உயிரை உறிஞ்சுகிறது. விண்டோஸ் விஸ்டா இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரத்தில், விண்டோஸால் வாழும் கம்பெனிக்குள், புதிதாக வந்த ஒருவர் இதை எழுதினார். அடுத்த ஜூனில் கேட்ஸ் ஒதுங்கப்போவதாக அறிவித்து, தன் ‘தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர்’ பதவியை அவரிடம் கொடுத்தார்.

பதவி கேட்ஸுடையது. ஆனால் கேட்ஸின் சொல்லுக்கு இருந்த எடை பதவியோடு வராது. விண்டோஸும் ஆஃபீஸும் தனித்தனி ராஜ்ஜியங்கள். அவற்றின் ஆள்பலமும் பணமும் ஓஸியின் கையில் இல்லை. அவருடைய லைவ் மெஷ் 2008 ஏப்ரலில் வந்தது. நம் கணினிகள், கைபேசி, இணையம் எல்லாவற்றிலும் ஒரே கோப்புறை தானாக ஒத்திசையும். நல்ல பொருள். உள்ளேயே இருந்த வேறு சேமிப்புத் திட்டங்களோடு மோதி, கடைசியில் மூடப்பட்டது. நோட்ஸ் பிறக்க ஐந்து வருஷம் தள்ளி உட்கார இடம் கிடைத்தது. இங்கே அந்த இடம் ஒரே ஒரு திட்டத்துக்குத்தான் கிடைத்தது.

அந்த மேகக் கணினித் திட்டத்துக்கு உள்ளே ‘ரெட் டாக்’ என்று பெயர். விஎம்எஸ்ஸையும் விண்டோஸ் என்டியையும் கட்டிய டேவ் கட்லர், அறுபதைத் தாண்டிய வயதில் அதற்கு நிரல் எழுத வந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அமிதாப் ஸ்ரீவாஸ்தவா குழுவை நடத்தினார். 2008 அக்டோபர் 27 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நிரலாளர்கள் மாநாட்டு மேடையில் ஓஸி அதற்கு விண்டோஸ் அஜூர் என்ற பெயரை அறிவித்தார். 2010 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் தடுமாறியது. காரணம் ஓரளவு ஓஸியின் பார்வைதான். அமேசான் 2006இலிருந்தே வெறும் இயந்திரங்களை வாடகைக்கு விட்டது: உன் பழைய மென்பொருளை அப்படியே தூக்கி வந்து போட்டுக்கொள். அஜூர் புதிய முறையில் எழுதிக்கொண்டு வா என்றது. சர்வரைப் பற்றியே நிரலாளர் கவலைப்படக் கூடாது என்பது உயர்ந்த எண்ணம். ஆனால் வங்கிகளிடமும் ஆலைகளிடமும் இருந்தது பழைய நிரல். அவர்கள் தயங்கினார்கள். முழு மெய்நிகர் இயந்திரங்களை அஜூர் முழுமையாகத் தரத் தொடங்கியது 2013இல்தான்.

அதற்குள் அவர் போய்விட்டார். 2010 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அந்தப் பதவிக்கு இனி யாரையும் நியமிக்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் எழுதினார். போகும்போது ஓஸி இன்னொரு நீண்ட குறிப்பு விட்டுச்சென்றார்: கணினி மேசையை விட்டு இறங்குகிறது, இனி எங்கும் கூடவரும் கருவிகளும் அவற்றின் பின்னால் ஓயாமல் ஓடும் சேவைகளும்தான், அந்த உலகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பல பத்திரிகைகள் அவருடைய ஐந்து ஆண்டுகளைத் தோல்வி என்று எழுதின. நான்கே வருஷத்தில், 2014 பிப்ரவரியில், அஜூர் இருந்த பிரிவை நடத்திக்கொண்டிருந்த சத்யா நாதெல்லா மொத்தக் கம்பெனிக்கும் தலைவரானார். அடுத்த மாதமே பெயரிலிருந்து விண்டோஸ் என்ற சொல் எடுக்கப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அஜூர் ஆனது. அந்தக் கம்பெனியின் இன்றைய செல்வத்தில் பெரும் பங்கு அங்கிருந்துதான் கிளைக்கிறது.

நாதெல்லாவின் உழைப்பில் ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. பழைய இயந்திரங்களுக்குக் கதவைத் திறந்தது, லினக்ஸை உள்ளே வரவிட்டது, விற்பனைக்காரர்களின் மனத்தை மாற்றியது எல்லாம் பிந்தியவர்களின் சாதனை. ஆனால் விண்டோஸ் ஒரு கல்லில் செதுக்கிய சட்டமாக இருந்த கம்பெனியில், கேட்ஸின் நாற்காலியில் உட்கார்ந்து, இது போதாது என்று எழுதிக் கையெழுத்திட்டவர் ஒருவர் இருந்தார். கட்லரையும் ஸ்ரீவாஸ்தவாவையும் சேர்த்து, தள்ளி உட்காரவைத்து, அதைக் கட்டவும் வைத்தார். அஜூரின் கதையை இப்போது மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் 2014இல் ஆரம்பிக்கிறார்கள். 2005இல் ஆரம்பிக்க வேண்டும், ஓஸியின் பெயரோடு.